உடம்பு வளையாது என்று யார் சொன்னது?

பாலே பழகும் எங்கள் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இரண்டு குறைகளைத்தான் கேட்கிறேன். "எனக்கு ஒரு சுற்றுக்கு மேல வருதில்லை" என்பது ஒன்று. "என்ர உடம்பு வளையாது, அது பிறப்பிலேயே வரவேணும்" என்பது மற்றது. மூன்றாவது குறை வீட்டுக்குள்ளிருந்து வரும்: "உது எங்கட கலை இல்லையே பிள்ளை, பரதம் பழகினால் என்ன?"

இந்த மூன்றுக்கும் ஒரே வரலாற்றில் பதில் இருக்கிறது. அது இத்தாலியில் தொடங்கி, ரஷ்யா வழியாகப் போய், கடைசியில் சென்னை அடையாற்றில் நிற்கிறது. அந்தக் கதையில் பலெர்மோக்காரர் ஒருவரும் உண்டு என்பதால் அவரிடமிருந்தே தொடங்குவோம்.

பலெர்மோவில் பிறந்தவர்

விய மக்குவேதாவில் நேரே நடந்தால் தேத்ரோ மாசிமோ வரும். 'காட்ஃபாதர்' மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சி எடுத்த படிகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1897 மே மாதம் வெர்தியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஓபெராவோடு திறந்த அரங்கு அது. 1974இல் திருத்த வேலை என்று மூடியவர்கள் 1997இல்தான் திரும்பத் திறந்தார்கள். இன்று அதற்கென்று சொந்தமாக ஒரு பாலேக் குழு இருக்கிறது.

ஆனால் அந்த அரங்கு எழும்புவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த ஊர் பாலேக்கு ஒருவரைக் கொடுத்துவிட்டது. அவர் பெயர் சல்வத்தோரே தல்யோனி. 1789இல் பலெர்மோவில் பிறந்தார். அவருடைய அண்ணன் பிலிப்போ பிறந்தது மிலானோவில். பிலிப்போவின் மகள் மரி பிறந்தது சுவீடனில், ஸ்டாக்ஹோமில். வேலை தேடி அரங்கம் அரங்கமாகப் போன ஆட்டக் குடும்பம் அது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே, ஒருவருடைய பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாணம், அடுத்தவருடையதில் கொழும்பு, கடைசிப் பிள்ளையுடையதில் பலெர்மோ.

நாப்போலியில் சான் கார்லோ அரங்கின் பாலேப் பள்ளி 1812இல் தொடங்கியது. இத்தாலியில் இன்றுள்ள பாலேப் பள்ளிகளில் மிகப் பழையது அதுதான். அதைத் தொடங்கியவர்களில் சல்வத்தோரேயும் ஒருவர். அடுத்த வருடமே மிலானோவின் லா ஸ்காலாவும் ஒரு பள்ளி திறந்தது. அதுவரை அப்பாவிடமிருந்து மகனுக்கு, மாமாவிடமிருந்து மருமகளுக்கு என்று போய்க்கொண்டிருந்த வித்தை, வகுப்பும் நேர அட்டவணையும் உள்ள படிப்பாக இந்தப் பள்ளிகளில் மாறியது.

ஏற்ற உடம்பு இல்லாத பெண்

சல்வத்தோரேயின் பெறாமகள் மரி தல்யோனியின் உடம்பு அந்தக் காலத்து அளவுகோலில் பாலேக்கு ஏற்ற உடம்பே இல்லை. ஒல்லி, நீளமான கைகள், கொஞ்சம் கூனின முதுகு. 1822இல் வியன்னாவில் முதன்முதல் மேடை ஏறுவதற்கு முன்பு அப்பா பிலிப்போ அவரைத் தினமும் ஆறு மணித்தியாலம் பழக்கினார். இரண்டு மணித்தியாலம் கால் பயிற்சி. இரண்டு மணித்தியாலம் ஒரு நிலையில் நின்று மெதுவாகத் திரும்பும் பயிற்சி. மிச்சம் இரண்டு மணித்தியாலம் பாய்ச்சல். ஒரு நிலையில் நின்றால் நூறு வரை எண்ணி முடித்த பிறகுதான் காலை இறக்கலாம்.

நீளமான கைகளை அப்பா மறைக்கப் பார்க்கவில்லை. அவற்றை வளைத்து, தாழ்த்தி, மென்மையாகப் பிடிக்கும் ஒரு பாணியையே மகளுக்காக அமைத்தார். 1832இல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' மேடையேறியபோது மரி கால்விரல் நுனியில் ஆடியதைப் பார்த்து ஐரோப்பாவே மயங்கியது. மற்றப் பெண்கள் அவருடைய வடிவத்தைப் பார்த்துத் தங்கள் வடிவத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். குறை என்று சொல்லப்பட்ட உடம்பே பிறகு அளவுகோலாகிவிட்டது.

இதை வாசித்துவிட்டு யாரும் ஆறு மணித்தியாலம் பழகப் போகவேண்டாம். வளரும் பிள்ளையின் மூட்டுக்கு அது ஆகாது. அந்த நூறு வரை எண்ணும் பழக்கத்தை மட்டும் நினைவில் வைத்திருங்கள். நல்ல சுற்று அசையாமல் நிற்கப் பழகுவதிலிருந்துதான் வருகிறது.

கோடு போட்டுப் பார்த்த ஆசிரியர்

நாப்போலியில் பிறந்த கார்லோ பிளாஸிஸ் 1820இல் மிலானோவில் நடனக் கலை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பிறகு லா ஸ்காலா பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. எனக்கு இவரை ஏன் பிடிக்கும் என்றால், இவர் ஓர் எஞ்சினியர் மாதிரி யோசித்தவர். ஆடுபவரின் கை, கால், முதுகு எல்லாவற்றையும் நேர்கோடுகளாக வரைந்து, எந்தக் கோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது, பாரம் எங்கே இறங்குகிறது என்று மாணவருக்குக் காட்டவேண்டும் என்றார்.

அதே புத்தகத்தில் இரண்டு வகைக் கால்களைப் பற்றி எழுதுகிறார். ஒன்று, முழங்கால் உள்ளே முட்டும் கால். மற்றது, வில் மாதிரி வெளியே வளைந்த கால். இவர்களுக்கு ஆட்டம் வராது என்று அவர் எழுதவில்லை. இந்தக் கால் உள்ளவர் எதில் கூடக் கவனமெடுக்கவேண்டும், அந்தக் கால் உள்ளவருக்கு எது இலகுவாக வரும் என்றுதான் எழுதுகிறார்.

இன்றைய உடற்கூற்று அறிவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. பாதம் வெளிப்பக்கம் பார்க்க நிற்கும் நிலை பாலேயின் அடிப்படை. பரதத்தின் அரைமண்டிக்கும் அதுதான் அடிப்படை. அது தொடங்கவேண்டிய இடம் இடுப்பு மூட்டு. அந்த மூட்டின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு, அதைப் பயிற்சியால் மாற்ற முடியாது. சுற்றியுள்ள தசைகளின் நீளத்தையும் பலத்தையும் கூட்டலாம். அதற்கு மாதங்கள் எடுக்கும், வருடங்களும் எடுக்கலாம். இடுப்பு திரும்பாத அளவைப் பாதத்தால் திருப்பி ஈடுகட்டப் பார்த்தால் பாரம் முழங்காலில் விழும். பாலே வகுப்பிலும் பரத வகுப்பிலும் முழங்கால் நோவு வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். "இன்னும் திருப்பு" என்று யாராவது சொன்னால், இடுப்பிலிருந்து திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள்.

முப்பத்திரண்டு சுற்று

இனிச் சுற்றுக்கு வருவோம். 1893 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'சிண்ட்ரெல்லா' பாலே. மிலானோவில் இருந்து வந்த பியெரினா லென்யானி என்ற பெண் ஒற்றைக் காலின் நுனியில் நின்று, மற்றக் காலைச் சாட்டை மாதிரி வீசி, தொடர்ந்து 32 தரம் சுற்றினார். ஃபுவெத்தே என்பது இந்தச் சுற்றுத்தான். 1895இல் 'ஸ்வான் லேக்' பாலேயிலும் அதைச் செய்தார். இன்றுவரை அந்த வேடம் ஏறும் எல்லோரிடமும் சனம் எதிர்பார்ப்பது அந்த 32ஐத்தான்.

ரஷ்யர்கள் அதிசயித்தார்கள், கொஞ்சம் பொறாமையும் பட்டார்கள். பிறகு இருந்து யோசித்தார்கள். இத்தாலியப் பெண்களின் காலணி முனை கூட உறுதியாக இருந்தது. அவர்கள் சுற்றும்போது தலையைத் திருப்பும் விதமும் வேறாக இருந்தது. பழகிப் பழகி, 32ஐ எட்டிய முதல் ரஷ்யப் பெண் மத்தில்தா க்ஷெசின்ஸ்கா. இதில் மந்திரம் எதுவும் இல்லை, பிரித்துப் பார்த்துப் பழகக்கூடிய வேலை என்று அத்தோடு தெரிந்துவிட்டது.

நாங்களும் பிரித்துப் பார்ப்போம். சுழல் நாற்காலியில் இருந்து, இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல் பிடித்து, கைகளை விரித்தபடி சுற்றுங்கள். பிறகு கைகளை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். வேகம் கூடும். ஃபுவெத்தேயில் போத்தலின் வேலையைச் செய்வது வீசும் கால். சனத்தைப் பார்க்கும் கணத்தில் உடம்பு கிட்டத்தட்ட நின்றுவிடும், ஆனால் முன்னாலிருந்து பக்கத்துக்கு வீசும் கால் சுழற்சியைத் தன்னிடம் வைத்திருக்கும். அந்தக் காலை முழங்காலுக்குக் கிட்ட மடிக்கும்போது அது உடம்புக்கு மாறி, உடம்பு சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வில் கொஞ்சம் போய்விடும். நிற்கும் காலின் குதி இறங்கித் தரையைத் தள்ளி, போனதைத் திரும்ப எடுக்கும். சுற்று வருதில்லை என்றால் இந்த வரிசையில் எந்த இடத்தில் நழுவுகிறது என்று பாருங்கள். குதி நேரத்துக்கு இறங்கவில்லையா, கால் முன்னுக்குப் போகாமலே பக்கத்துக்குப் போகிறதா, முதுகு சாய்கிறதா?

தலையின் கதை தனி. பார்வையை ஒரு புள்ளியில் வைத்திருந்து, உடம்பு திரும்பிய பிறகு தலையை வெட்டித் திருப்பி, அதே புள்ளியை உடனே பிடிக்கவேண்டும். அப்போது தலைச்சுற்று குறையும். 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே நடனப் பெண்களையும் 20 படகோட்டும் பெண்களையும் இருட்டறையில் நாற்காலியில் சுற்றிப் பார்த்தார்கள். நாற்காலி நின்ற பிறகும் சுற்றுவது போன்ற உணர்வு நடனக்காரருக்குக் குறைந்த நேரமே இருந்தது. காதிலிருந்து வரும் சமிக்ஞையைக் கையாளும் சிறுமூளைப் பகுதியிலும் வித்தியாசம் தெரிந்தது. வருடக்கணக்காகப் பழகினால் மூளையும் அதற்கு ஏற்றபடி மாறும் போலத்தான் தெரிகிறது.

செக்கெத்தியின் கிழமை

இந்த வித்தையை எல்லாம் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர் என்ரிக்கோ செக்கெத்தி. 1850இல் ரோமில், ஓர் அரங்கின் உடைமாற்றும் அறையில் பிறந்தார். பிளாஸிஸின் மாணவரான ஜொவான்னி லெப்ரியிடம் பழகினார். 1890இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'ஸ்லீப்பிங் பியூட்டி' முதன்முதல் மேடையேறியபோது நீலப்பறவையாக ஆடியவர் இவர்தான்.

செக்கெத்தியின் முறையில் கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு கிழமை வலப்பக்கத்தில் தொடங்கினால் அடுத்த கிழமை இடப்பக்கத்தில் தொடங்கவேண்டும். பிடித்த பக்கத்துக்கு மட்டும் சுற்றித் திரிய இடமே இல்லை. இன்று விருப்பமானதைச் செய்வோம் என்பதற்கும் இடமில்லை.

அவரிடம் பழகியவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா. மெலிந்த உடம்பு. லென்யானி மாதிரிச் சுற்றிக் காட்டுவது உனக்குச் சரிவராது, அதை மற்றவர்களுக்கு விட்டுவிடு என்று ரஷ்ய ஆசிரியர் ஒருவரே அவருக்குச் சொல்லியிருக்கிறார். பாவ்லோவா செக்கெத்தியிடம் தனியாகப் பாடம் எடுத்துத் தன் உடம்பைப் பலப்படுத்தினார். அவர் 32 சுற்றுக்குப் பெயர் எடுத்தவர் அல்ல. பெயர் எடுத்தது சாகும் அன்னமாக ஆடி.

அடையாற்றில்

1928இல் பாவ்லோவா பம்பாயில் ஆடினார். பார்க்கப் போனவர்களில் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியும் அவருடைய கணவர் ஜார்ஜ் அருண்டேலும் இருந்தார்கள். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் இவர்களும் பாவ்லோவாவும் ஒன்றாகப் பயணித்தார்கள். ருக்மிணி தேவிக்கு பாலே பழக ஆசை வந்தது. பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்தி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் நாட்டுக் கலையையும் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்னது அதன் பிறகுதான்.

ருக்மிணி தேவி தேடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பழகி, 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடை ஏறினார். 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. அவருடைய மேடை உடையை அமைக்க உதவியவர் ஓர் இத்தாலியப் பெண்மணி. கலாக்ஷேத்ராப் பாணியின் நேரான கோடுகளிலும் அளந்து வைத்த கோணங்களிலும் பாலேப் பயிற்சியின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். பிளாஸிஸ் வரைந்த கோடுகளை நினைத்துப் பாருங்கள்.

இதில் மறைக்கக்கூடாத பக்கமும் ஒன்று இருக்கிறது. அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் இசை வேளாளர் குடும்பங்களும் தேவதாசிப் பெண்களும். புதிய மேடை வந்தபோது அவர்களில் பலருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் கழுவித் துடைத்துவிட்டால் பரதத்தில் என்ன மிஞ்சும் என்ற நிலையில் உறுதியாக நின்றார். கோடு சுத்தமாக இருப்பது ஓர் அழகு. அதுவே முழு அழகும் அல்ல என்பதை அவருடைய ஆட்டம் காட்டியது.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு

ஆகவே "உது எங்கட கலை இல்லையே" என்று அம்மாவோ அப்பம்மாவோ சொன்னால் கோபிக்கவேண்டாம். அவர்கள் பயப்படுவது கை நழுவிப் போய்விடுமோ என்றுதான். பாலே பழகிய ஒரு தமிழ்ப் பெண்தான் பரதத்துக்கு இன்றுள்ள பெரிய பள்ளிகளில் ஒன்றைக் கட்டினார் என்று சொல்லுங்கள். கூடவே, அவருக்குச் சொல்லிக்கொடுத்த நட்டுவனாரின் பெயரையும் சொல்லுங்கள்.

இரண்டும் பழகுபவர்களுக்கு இன்னொரு செய்தி. 'அபிநய தர்ப்பணம்' என்ற பழைய நடன நூல் ஏழு வகைச் சுற்றுகளைச் சொல்கிறது. அவற்றுக்குப் பெயர் பிரமரி. அதில் ஒன்று ஏகபாத பிரமரி, அதாவது ஒற்றைக் காலில் சுற்றுவது. பாலே ரீச்சரிடம் பிருவெத் பழகும் கிழமையிலேயே பரத ரீச்சரிடம் ஏகபாத பிரமரியையும் கேட்டுப் பழகிப் பாருங்கள். கையும் முகமும் நிலையும் இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். நிற்கும் கால் உறுதியாக இருக்கவேண்டும், முதுகு சாயக்கூடாது என்று இரண்டு ரீச்சரும் சொல்வார்கள். ஒரு கிழமை வலப்பக்கம் தொடங்குங்கள், அடுத்த கிழமை இடப்பக்கம்.