வாசலில் வாங்காத காசு: இணையக் கூட்டு விளையாட்டுகளில் கட்டணம் மாறிய வரலாறு

1985இல் அமெரிக்காவில் காம்ப்யுசர்வ் என்ற கணினி இணைப்புச் சேவை வழியாக ‘ஐலண்ட்ஸ் ஆஃப் கெஸ்மாய்’ ஆடியவர்களுக்கு ஆட்டோ மீட்டர்போலக் காசு ஓடியது. 300 பாட் வேக மோடம் என்றால் மணிக்கு 6 டாலர். 1200 பாட் என்றால் 12 டாலர். திரையில் படம் கிடையாது. சுவர், கதவு, பூதம் எல்லாமே விசைப்பலகையின் எழுத்துகளும் குறிகளும்தான். இதற்கா 12 டாலர் என்று இன்று சிரிப்பு வரும். ஆனால், எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத நாலு பேரோடு ஒரே குகைக்குள் நுழைவது அன்று வேறெங்கும் கிடைக்காத சரக்கு.

இதற்கு முன்பே இலவச ஆட்டம் இருந்தது. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய ‘மட்’ என்ற எழுத்துவழி ஆட்டத்தில், கணினி ஓய்வாக இருக்கும் இரவு நேரங்களில் வெளியாட்களும் தொலைபேசி வழியாக நுழைய முடிந்தது. ஆடியவர் ஆட்டத்துக்குக் காசு கொடுக்கவில்லை. கணினிக்கும் மின்சாரத்துக்கும் பல்கலைக்கழகம் கொடுத்தது. இணைய ஆட்டங்களில் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், அப்படியானால் யார் கொடுக்கிறார் என்று கேட்டுவிடுவது நல்லது.

கூட்டு விளையாட்டுகள் இலவசமாக இருக்க வேண்டுமா, கட்டணம் வாங்க வேண்டுமா என்ற விவாதம் நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. அந்த நாற்பது ஆண்டுகளையும் வரிசையாகப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: எதற்குக் காசு வாங்குகிறார்களோ, ஆட்டம் அதன் பக்கமாக வளைகிறது. நேரத்துக்கு வாங்கினால் நேரம் நீளும். மாதத்துக்கு வாங்கினால் பாதை நீளும். ஒன்றுக்குமே வாங்காவிட்டால் பொறுமையின்மையும் பொறாமையும் விலைப்பட்டியலில் ஏறும்.

மணிக்கணக்கு முறை முடிந்த விதம் சுவையானது. ஏஓஎல் நிறுவனத்தின் ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ 1991 முதல் மணிக்கட்டணத்தில் நல்ல வருமானம் பார்த்த ஆட்டம். 1996 டிசம்பரில் ஏஓஎல் தன் இணைப்புக்கு மாதம் 19.95 டாலர் என்று ஒரே கட்டணம் வைத்தது. அதுவரை இரவெல்லாம் ஆடியவர் தங்கமான வாடிக்கையாளர். மறுநாள் முதல் அவரே தொலைபேசி வழியை அடைத்துக்கொண்டிருக்கும் செலவு. 1997 ஜூலையில் ஆட்டம் மூடப்பட்டது. உரிமச் சிக்கல்களும் இருந்தன என்பதால் கட்டண மாற்றம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் காப்பாற்ற வேண்டிய கணக்கு போய்விட்டிருந்தது.

மாதக் கட்டணத்தின் காலம் 1996 செப்டம்பரில் ‘மெரிடியன் 59’ ஆட்டத்தோடு தொடங்கி, 1997 செப்டம்பரில் வந்த ‘அல்ட்டிமா ஆன்லைன்’ ஆட்டத்தில் வேரூன்றியது. பெட்டியைக் கடையில் வாங்க வேண்டும். அதற்குமேல் மாதம் 9.95 டாலர். இப்போது நிறுவனத்துக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் யார்? காசு கட்டிவிட்டு அதிகம் வராதவர். ஆனால் அவர் விலகிவிடவும் கூடாது. ஆகவே அடுத்த மாதமும் வருவதற்கு ஒரு காரணம் பாக்கி வைக்க வேண்டும். 1999இல் வந்த ‘எவர்க்வெஸ்ட்’ அதில் கைதேர்ந்தது. ஒருமுறை செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் குறையும். உடைமைகள் சடலத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு திரும்பி ஓடி அதைத் தேடி எடுக்க வேண்டும். ஓர் இரவே போய்விடும். 2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இந்தக் கடுமையைத் தளர்த்தி, மாதம் 14.99 டாலர் வாங்கி, 2010 அக்டோபரில் 1.2 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது.

சந்தா முறைக்கு ஒரு நியாயம் இருந்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வாசலில் எல்லாரும் ஒரே காசு. உள்ளே போனபின் பணக்காரரின் வாளும் மாணவரின் வாளும் உழைப்பில் மட்டுமே வேறுபடும். எழுத்தில் அப்படித்தான். நடைமுறையில் ‘எவர்க்வெஸ்ட்’ வாளும் தங்கமும் இபே தளத்தில் நிஜ டாலருக்கு ஏலம் போயின. எட்வர்ட் காஸ்ட்ரொனோவா என்ற பொருளியலாளர் 2001இல் அந்த ஏலவிலைகளை வைத்தே கற்பனை உலகமான நார்ரத்தின் தனிநபர் உற்பத்தியைக் கணக்கிட்டார்: 2,266 டாலர், ஏறத்தாழ ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில். வேடிக்கைபோலத் தெரிந்த இந்தக் கட்டுரைதான் அடுத்து வரப்போவதைக் காட்டியது. நேரம் இருந்து காசு இல்லாதவர்கள் ஒரு பக்கம், காசு இருந்து நேரம் இல்லாதவர்கள் மறுபக்கம். இந்தத் தரகை வெளியாள் ஏன் பார்க்க வேண்டும், நாமே பார்க்கலாமே என்று நிறுவனங்களுக்குத் தோன்ற அதிக நாள் ஆகவில்லை.

முதலில் தோன்றியது கொரியாவில். நெக்ஸான் நிறுவனத்தின் ‘க்விஸ்க்விஸ்’ 1999இல் வந்த வினாடி வினா ஆட்டம். கட்டணம் கேட்டதும் கூட்டம் கலைந்தது. 2001இல் வாசலைத் திறந்துவிட்டு, பாத்திரங்களுக்கு உடையும் அலங்காரமும் விற்கத் தொடங்கினார்கள். இன்றைய ‘ஸ்கின்’ வியாபாரத்தின் பாட்டி இதுதான். சீனத்தில் ஷாண்டா நிறுவனம் 2005 நவம்பரில் தன் முக்கிய ஆட்டங்களை இலவசமாக்கியது. இந்த முறையை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் வேறொருவர்.

ஷி யூஜு என்பவர் ஜுஹாய் நகரில் எழுபது மாடிக் கோபுரம் கட்டக் கிளம்பி, அது பாதியில் நிற்க, கடனில் மூழ்கியவர். பிறகு சத்து மருந்து விற்று, சலிக்கச் சலிக்க விளம்பரம் செய்து மீண்டவர். 2006இல் அவர் வெளியிட்ட ‘ஜெங்டு’ ஆட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் போதிய நேரம் ஆடியவர்களுக்கு ஆட்டப் பணத்தில் ‘சம்பளம்’ வேறு. காசு எங்கே? ஆயுதத்தை மெருகேற்றும் கற்களிலும், புதையல் பெட்டிகளின் சாவிகளிலும். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று திறக்கும்வரை தெரியாது. அன்றைய தினம் மிக அதிகப் பெட்டிகளைத் திறந்தவருக்குத் தனிப் பரிசு உண்டு. இந்த ஒரு விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐந்நூறு பெட்டி திறந்தவர், வேறொருவர் ஐந்நூற்றொன்று திறந்துவிட்டால் வெறும் பெட்டிகளோடு நிற்பார். ஆகவே இரவு ஏற ஏற இருவரும் சாவி வாங்கிக்கொண்டே இருப்பார்கள். இது சூதாட்டத்தோடு ஏலத்தையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு.

சம்பளம் எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். பெரும்பணம் போட்டு வாங்கிய வாளை வீச எதிரில் ஆட்கள் வேண்டும். வீரரைப் பார்த்து வாய்பிளக்கக் கூட்டம் வேண்டும். காசு கொடுக்காத ஆட்டக்காரர் இந்த முறையில் விருந்தாளி இல்லை, விருந்தின் ஒரு பதார்த்தம். 2007 நவம்பரில் ஷியின் நிறுவனம் நியூயார்க் பங்குச்சந்தையில் சுமார் 88 கோடி டாலர் திரட்டியது. அடுத்த மாதமே குவாங்ஜோவின் ‘சதர்ன் வீக்லி’ இதழ், இந்த ஆட்டம் ஆட்டக்காரர்களை எப்படிப் பிணைத்து வைக்கிறது என்று நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. இணைய ஆட்டத்தின் விலைமுறையை ஓர் அதிகார அமைப்பாகவே வாசித்த எழுத்து அது.

மேற்கு இதை ஏளனம் செய்துகொண்டே கற்றுக்கொண்டது. 2009இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்’, 2010இல் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்’, 2011 ஜூனில் ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ எனச் சந்தாவும் பெட்டிவிலையும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2011 டிசம்பரில் சந்தாவோடு வந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ பதினோரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2009 அக்டோபரில் வந்த ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஒரு நாகரிகமான வழியைக் காட்டியது. அதன் ‘ஸ்கின்’ தோற்றத்தைத்தான் மாற்றும், வலிமையைக் கூட்டாது.

இந்த ‘தோற்றம் மட்டும்’ என்ற வாதத்தை நானும் வெகுநாள் நம்பினேன். என் அக்கா மகன் ஒருநாள் கைபேசி ஆட்டத்துக்கு டாப்-அப் கேட்டான். அந்த டிரெஸ் போட்டால் வேகமாக ஓடலாமா என்றேன். “இல்ல மாமா. ஆனா போடாம போனா என்னை பாட்டுன்னு நெனச்சுருவாங்க.” பாட் என்றால் கணினியே ஓட்டும் பொம்மை ஆள். வெறும் சட்டையோடு வருகிறவனை மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்கிறான் பன்னிரண்டு வயதுப் பையன். கூட்டு ஆட்டத்தில் தோற்றத்தை மட்டும் தனியாகப் பிரித்து விற்க முடியாது. பார்க்கிற கண்கள் அங்கேயே இருக்கின்றன.

2013இல் ‘டோட்டா 2’ தன் போட்டித் தொடருக்காக 9.99 டாலருக்கு விற்ற ‘காம்பெண்டியம்’, பின்னாளில் ‘ஃபோர்ட்நைட்’ பரவலாக்கிய ‘பேட்டில் பாஸ்’ முறைக்கு முன்னோடி. பாஸ் வாங்கினால் பொருள் உடனே கைக்கு வராது. சீசன் முடிவதற்குள் ஆடி ஆடித் திறக்க வேண்டும். மாதச் சந்தா கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது, தினசரி வீட்டுப்பாடத்தையும் கையில் பிடித்துக்கொண்டு.

பெட்டிகளின் கதை நீதிமன்றங்களுக்கும் ஆணையங்களுக்கும் போனது. குலுக்கலில் வரும் பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பெரும்பரிசு தரும் ‘கம்ப்ளீட் கச்சா’ முறையை ஜப்பான் 2012இல் தடுத்தது. ‘லூட் பாக்ஸ்’ எனப்படும் இந்த வகைப் பெட்டி சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018இல் சொன்னது. எல்லாவற்றிலும் தெளிவான சான்று கொரியாவில், முறை பிறந்த அதே நெக்ஸானிடமே கிடைத்தது. ‘மேப்பிள் ஸ்டோரி’யில் ஆயுதத்தின் குணங்களைக் குலுக்கி மாற்றும் ‘கியூப்’ காசுக்கு விற்கப்பட்டது. ஒரு வகைக் கியூபில் உயர்நிலை கிடைக்கும் வாய்ப்பு 1.8 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை. ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பிய சில சேர்க்கைகள் 2011 முதல் 2021 வரை வரவே வராதபடி அமைக்கப்பட்டிருந்தன. பத்தாண்டு, வாய்ப்பு பூஜ்யம். 2024 ஜனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம் 1,160 கோடி வான் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் முதல், குலுக்கலில் விற்கும் எந்தப் பொருளுக்கும் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது.

நம் சட்டங்கள் வேறு திசையிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், நீதிபதி கே.சந்துரு குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, ரம்மியையும் போக்கரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டத்தைத் தடை செய்து, ‘சமூக ஆட்டங்கள்’ சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்கலாம் என்கிறது. அந்தக் கட்டணம் பந்தயமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1997இன் ‘அல்ட்டிமா ஆன்லைன்’ இந்தச் சட்டகத்தில் அழகாகப் பொருந்தும். சாவி வாங்கித் திறக்கும் பெட்டி எங்கே பொருந்தும்? உள்ளே கிடைப்பதை ரூபாயாக மாற்ற முடியாதென்றால் அதைப் பந்தயம் என்று நிறுவுவது கடினம். சந்தா என்றும் சொல்ல முடியாது. பெட்டியின் மேல் வாய்ப்பு விகிதத்தை எழுதச் சொல்லும் பிரிவும் அந்தச் சட்டத்தில் இல்லை.