தனுஷ்கோடி: துறை இழந்த ஊர்



ஒரு நகரம் எப்போது அழிகிறது? புயல் வீசிய இரவிலா, அல்லது புயல் ஓய்ந்தபின் எடுக்கப்படும் தீர்மானத்திலா? நம் தலைமன்னாருக்கு எதிர்க்கரையில் இருந்த தனுஷ்கோடியின் வரலாறு இக்கேள்வியை எழுப்புகிறது.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை ஆரம்பமாயிற்று. சென்னையில் புகையிரதம் ஏறியவர், இடையில் இருபது மைலுக்குச் சற்று அதிகமான கடலைக் கப்பலில் கடந்து, ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வந்து சேரலாம். வணிகரும் யாத்திரிகரும் மலையகத் தோட்டங்களை நாடி வந்த தொழிலாளரும் அவ்வழியே வந்தனர். சுங்கம், தபாற்கந்தோர், பாடசாலை, தேவாலயம் என மணல் முனையில் ஓர் ஊர் எழுந்தது. ஆட்களை அக்கரைக்கு அனுப்புவதே அதன் தொழில். அதுவே அதன் அடையாளம்.

1964 டிசெம்பர் 22ஆம் திகதி நள்ளிரவில் சூறாவளி தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கி வந்த புகையிரதத்தைக் கடல் விழுங்கிற்று; நூற்றுக்கு மேற்பட்ட பயணிகள் மாண்டனர். அதே சூறாவளி நமது வடபகுதியையும் உலுக்கியது.

அதன்பின் நடந்ததே கவனத்திற்குரியது. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடியோ மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அறிவிக்கப்பட்டது. இராமேஸ்வரத்திற்குக் கோயில் இருந்தது; பாலம் அதற்குத் தேவைப்பட்டது. கப்பற்சேவையும் அங்கேயே மாற்றப்பட்டது. துறை போனபின் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் எதற்கு? அது மீண்டும் போடப்படவேயில்லை.

அத்தீர்மானம் தவறென்று எளிதிற் கூறிவிட முடியாது. இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணற்திட்டில் மறுபடி ஊர் எழுப்புவது உயிரோடு விளையாடுவதாகும். ஆயினும் கடலையே நம்பிய மீனவக் குடும்பங்கள் அங்கே திரும்பின. ஓலைக் குடிசையில், ஊரென்ற அங்கீகாரமின்றிப் பல்லாண்டுகள் வாழ்ந்தன. 2017இல் அரிச்சல்முனை வரை வீதி திறந்தபின் சனங்கள் திரளாக வருகின்றனர். அவர்கள் தேடி வருவது இடிந்த தேவாலயச் சுவர்களை. அருகே வலை உலர்த்துபவரை அல்ல.

இந்த இழப்பில் நமக்கும் பங்குண்டு. இராமேஸ்வரத்திலிருந்து வந்த கப்பலும் 1980களில் நின்றது. 1990இல் போரினால் தலைமன்னாருக்கான புகையிரதமும் நின்றது. 2015இல் புகையிரதம் திரும்பி வந்தபோது, இறங்குதுறையில் அதற்காகக் காத்திருக்கக் கப்பல் இருக்கவில்லை.

நேயர்களே, கல்லும் சுண்ணாம்பும் கரைந்தாலும் ஒரு நகரம் மீளக்கூடும். அதற்குரிய தொழிலை வேறிடத்திற்குக் கொடுத்துவிட்டால், எஞ்சுவது பெயர் மட்டுமே. அனர்த்தத்தின் பின் ஓர் ஊரைக் கைவிடுவதா என்று தீர்மானிப்போர், அங்கே இன்னமும் அடுப்பெரிப்பவர் யாரென முதலில் கேட்கவேண்டும்.