பாதியில் நின்ற அளவீடு

நிலையற்ற ஓர் அணு எந்தக் கணத்தில் சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடானுகோடி அணுக்கள் சேர்ந்திருந்தாலோ, அவற்றில் பாதி சிதைய எவ்வளவு காலமாகும் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். அதுதான் அரை ஆயுள். ரேடியத்திலிருந்து வரும் ரேடான் வாயுவுக்கு அது 3.8 நாள். தோரியத்திலிருந்து வரும் ரேடானுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

இந்தக் கணக்குகள் உருவான காலத்தில், கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரதர்ஃபோர்டின் முதல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர் ஹேரியட் ப்ரூக்ஸ். கதிர்கள் பட்டால் காற்று மின்சாரத்தைக் கடத்தும். அந்த மின்னோட்டத்தை எலக்ட்ரோமீட்டரில் பார்த்து, நேரத்தைக் குறித்து, மீண்டும் பார்த்து, மீண்டும் குறிக்க வேண்டும். சமையலறையில் பால் பொங்கும்வரை காத்து நிற்பவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. ரேடியம் வெளியிடுவது கனமான ஒரு வாயு என்று 1901இல் ரதர்ஃபோர்டும் அவரும் சேர்ந்து காட்டினார்கள். கதிரியக்கப் படிவுகள் சிதையும் வேகத்தை அளந்து 1904இல் தம் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார் ப்ரூக்ஸ்.

அந்த அளவீடுகளுக்கிடையே, படிவு இருந்த தகட்டை எடுத்த பிறகும் கலத்தின் சுவரில் கதிரியக்கம் மிஞ்சியிருப்பதைக் கண்டார். படிவு ஆவியாகியிருக்கும் என்று கருதினார். சிதையும் அணு, சுட்ட துப்பாக்கியைப் போலப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பது பின்னரே விளங்கியது. 1909இல் ஓட்டோ ஹானும் லீசே மைட்னரும் அந்தப் பின்னுதைப்பை ஆராய்ந்தபோது, ப்ரூக்ஸ் அதை முன்பே கண்டிருந்ததை ரதர்ஃபோர்டு நினைவூட்டினார்.

1906இல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ப்ரூக்ஸுக்குத் திருமணம் நிச்சயமானது. திருமணமானால் வேலையை விட வேண்டும் என்றார் கல்லூரித் தலைவர் லாரா கில். அவரும் ஒரு பெண்தான். திருமணம் செய்தாள் என்பதற்காக ஒரு பெண்ணின் தொழிலைப் பறிக்க முடியாது, இதைத் தன் பாலினத்துக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ப்ரூக்ஸ் எழுதினார். விதி மாறவில்லை. நிச்சயதார்த்தம் முறிந்தது; கல்லூரியையும் விட்டார். பிறகு பாரிஸில் மேரி கியூரியின் ஆய்வகத்தில் வேலை செய்தார். கியூரி இரண்டு பிள்ளைகளின் தாய். 1903இலேயே நோபல் பரிசு பெற்றவர்.

1907இல் ப்ரூக்ஸ் வேறொருவரை மணந்தார். அத்தோடு இயற்பியல் நின்றது. 1933இல் 56 வயதில் இறந்தார்.

அரை ஆயுள் இயற்கையின் விதி. சூடாக்கினாலும் அழுத்தினாலும் மாறாது. ப்ரூக்ஸின் ஆய்வை நிறுத்தியது மனிதர்கள் எழுதிய விதிமுறை. அதை மாற்றியிருக்க முடியும். ஆய்வேட்டின் மூன்றாம் இயலோடு திருமணப் பத்திரிகையை நீட்டும் மாணவிகளை இன்றும் பார்க்கிறேன். வாழ்த்திவிட்டு, நான்காம் இயலை எப்போது தருவாய் என்று தேதியும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.