கப்பல் தலைவியின் பெயர்: '2010' படத்தின் மறைகுறிப்புகள் குறித்து

திரைப்படங்களில் மறைந்திருக்கும் குறிப்புகளைத் தேடிப் பட்டியலிடுவது ரசிகர்களின் பொழுதுபோக்கு. வரலாற்று மாணவர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அந்தப் புறக்கணிப்பு நமக்கே இழப்பு என்பதை ஒரு தொடர்ச்சிப் படத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான '2010', ஆர்தர் சி. கிளார்க்கின் 1982ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, பீட்டர் ஹயம்ஸ் இயக்கத்தில் 1984 டிசம்பரில் வெளியானது. முதற்படத்தின் அரங்குகளும் மாதிரிகளும் பிறர் படங்களில் பயன்படாதவாறு குப்ரிக் அழிக்கச் செய்திருந்தார். எனவே டிஸ்கவரி விண்கலத்தைப் பழைய படச்சட்டங்களைப் பெரிதாக்கிப் பார்த்தே மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது. கொழும்பில் வாழ்ந்த கிளார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஹயம்ஸும் கணினியையும் மோடத்தையும் கொண்டு தொலைபேசி வழியாகக் கடிதம் பரிமாறிக்கொண்டனர். அக்கடிதங்கள் 1985இல் நூலாகவும் வந்தன.

படத்தினுள் வணக்கங்கள் பல உண்டு. வெள்ளை மாளிகைக்கு முன்னுள்ள இருக்கையில் அமர்ந்திருப்பவர் கிளார்க்கே; தொலைக்காட்சிக்காக ஓரம் வெட்டப்பட்ட படியில் அவர் காணாமற்போனார். ஒரு காட்சியில் தென்படும் 'டைம்' இதழின் அட்டையில் அமெரிக்க அதிபராகக் கிளார்க்கின் முகமும் சோவியத் தலைவராகக் குப்ரிக்கின் முகமும் உள்ளன. ஹெலன் மிர்ரன் ஏற்ற கப்பல் தலைவியின் பெயர் தான்யா கிர்பக். குப்ரிக் என்னும் பெயரின் ரோமன் எழுத்துகளில் ஒன்றை விட்டுவிட்டுப் பின்னிருந்து படித்தால் கிர்பக் கிடைக்கும்.

ஆனால் நாவலில் அத்தலைவியின் பெயர் தான்யா ஓர்லோவா. அங்கேதான் இரண்டாவது மறைகுறிப்பு தொடங்குகிறது. ஓர்லோவ், கொவல்யோவ், ருதென்கோ, பிரைலோவ்ஸ்கி, யாக்குனின், தெர்னோவ்ஸ்கி, மார்ச்சென்கோ: கிளார்க் தம் சோவியத் விண்கலக் குழுவினருக்குச் சூட்டிய இக்குடும்பப் பெயர்கள் யாவும் அன்று சிறையையோ நாடுகடத்தலையோ சந்தித்த மாற்றுக்கருத்தாளர்களுடையவை. யூரி ஓர்லோவ் 1976இல் மாஸ்கோ ஹெல்சிங்கிக் குழுவை நிறுவிய இயற்பியலாளர். கொவல்யோவ் உயிரியலாளர், ருதென்கோ உக்ரைனியக் கவிஞர், யாக்குனின் பாதிரியார். நாவலையே கிளார்க் விண்வெளி வீரர் அலெக்செய் லியோனோவுக்கும், கார்க்கி நகரில் காவலில் வைக்கப்பட்டிருந்த சாகரோவுக்கும் காணிக்கையாக்கியிருந்தார்.

இப்பெயர்களை மாஸ்கோவில் உடனே எவரும் கவனிக்கவில்லை. 'தெக்னிகா மொலதியோஷி' என்னும் இளைஞர் அறிவியல் இதழ் 1984இல் நாவலைத் தொடராக வெளியிடத் தொடங்கியது. இரண்டு இதழ்களில் தொடர் நின்றது. நீண்டகால ஆசிரியர் வசீலி சக்கார்ச்சென்கோ பதவியை இழந்தார். தொடரின் எஞ்சிய பகுதி கோர்பச்சேவ் காலத்திலேயே வாசகர்களை அடைந்தது.

இனி இரு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர்லோவ் சைபீரியாவில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த ஆண்டில், அவர் பெயரைத் தாங்கிய தலைவிக்கு ஹாலிவுட் ஓர் இயக்குநரின் பெயரைத் திருப்பிச் சூட்டியது. தீய நோக்கம் இருந்ததாக நான் கருதவில்லை. வேறொரு பாத்திரத்தின் வழியே ஓர்லோவ் என்னும் பெயர் படத்திலும் நீடிக்கிறது. எனினும் திரையுலகம் தன்னைத் தானே வணங்கிக்கொண்ட இடத்தில், ஒரு கைதிக்குச் செலுத்திய வணக்கம் மறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ரசிகர் பட்டியல்களில் கிர்பக் தவறாமல் இடம்பெறுகிறது. ஓர்லோவா அரிதாகவே தென்படுகிறது.

மறைகுறிப்பை ஆராய்வோர் 'இது யாரைச் சுட்டுகிறது?' என்பதோடு நின்றுவிடக் கூடாது. அது எந்தப் பெயரை அகற்றி அவ்விடத்தில் அமர்ந்தது, அதனைக் கண்டறிந்தபோது யார் என்ன விலை கொடுத்தார் என்னும் இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரே உத்தி லாஸ் ஏஞ்சல்ஸில் புன்னகையை வரவழைத்தது. மாஸ்கோவில் ஓர் ஆசிரியரின் பதவியைப் பறித்தது.