தாத்தாவோட பிளேயரை மாத்தணுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு பரண். தாத்தா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பாட்டி எங்களோட சென்னைக்கே வந்துட்டாங்க, அதனால கும்பகோணத்து வீட்டைக் காலி பண்ணினோம். பரண்ல இருந்து இறங்கினதுல எனக்குக் கிடைச்சது ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு டிரங்க் பெட்டி நிறைய இசைத்தட்டு. பிளேயர் சூட்கேஸ் மாதிரி மூடுற வகை, மூடியிலேயே ஸ்பீக்கர். பிளக்கைச் சொருகினேன், சுத்துது!

முதல்ல போட்டது பாட்டியோட தட்டு. அவங்க கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த 78. பாட்டுக்கு மேல மழை பெய்யுற மாதிரி ஒரே இரைச்சல். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குடா"ன்னார் மாமா. பாட்டி, "எதுல வேணா போடு, என் தட்டைக் கீறிடாதே"ன்னாங்க.

பழசை வெச்சுக்கலாமா, அப்கிரேடு பண்ணலாமான்னு ஆபீஸ்ல வாரம் ஒரு தடவை சண்டை போடுறவன் நான். ஆனா பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வின்னு புரிய, கொஞ்சம் வரலாறு படிக்க வேண்டியிருந்துச்சு.

78 சுழற்சித் தட்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. மரத்துல பூச்சி விடுற அதே அரக்குதான். உலகத்துக்கே அதைப் பெருமளவு அனுப்பினது இந்தியா. அதோட நைசான கல்பொடியையும் கலப்பாங்க. ஏன் தெரியுமா? அந்தக் காலத்து கிராமபோன் முள் எஃகு. தட்டு சுத்தச் சுத்த, கல்பொடி முள்ளைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தன் பள்ளத்துக்குப் பொருந்துற வடிவத்துக்குக் கொண்டுவரும். அதாவது தேய வேண்டியது முள், தட்டு இல்லை. ஒரு பக்கம் முடிஞ்சா முள்ளைக் கழட்டிப் புதுசு மாட்டணும். ஒரு பக்கம்னா 10 அங்குலத் தட்டுல மூணு நிமிஷம் சொச்சம், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் அமெரிக்காவுல அரக்குக்குப் பஞ்சம். போர்முனைக்கு அனுப்பின தட்டுகள்ல வினைல் புகுந்தது. போர் முடிஞ்சு 1948-இல் கொலம்பியா நிறுவனம் வினைலில் எல்.பி. கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு 33⅓ சுழற்சி, ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல. அடுத்த வருஷமே போட்டியா ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுழற்சித் தட்டை இறக்கியது. அது 7 அங்குலம், நடுவுல பெரிய ஓட்டை. ரெண்டும் ஒத்துப்போகாது, வீட்டுல இருக்குற 78 ரெண்டுலயும் ஓடாது. 1949-இல் கடைக்குப் போன ஒருத்தரோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. எந்த பிளேயரை வாங்குறதுன்னு மட்டும் இல்லை, வீட்டுல இருக்குற எந்தத் தட்டைக் கைவிடுறதுங்குறதும் அவர் முடிவு பண்ணணும்.

அந்தச் சண்டைக்கு வந்த சமாதானம்தான் எங்க தாத்தாவோட டப்பா. 16, 33, 45, 78 எல்லா வேகமும் அதுல இருக்கு. நம்ம மொழியில பேக்வர்டு கம்பாட்டிபிலிட்டி.

கையில ஒரு குட்டி நெம்பு இருந்துச்சு. திருப்பினா முள் மறுபக்கம் மாறுது. ஒரு பக்கம் எல்.பி.க்கு, இன்னொண்ணு 78-க்கு. 78 பள்ளம் அகலமானது. அதுக்கான முள்முனையோட ஆரம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு, எல்.பி.க்கு ஏறக்குறைய 1 பங்கு. நான் போட்டது எல்.பி. முள்! அது பள்ளத்தோட அடியில போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிச்சிருக்கு. மாமா குறை சொன்ன இரைச்சல்ல பாதி என் தப்பு.

இந்தியாவுல 78 ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சது. 1960-களில் பீட்டில்ஸ் பாட்டைக்கூட இங்க 78-ஆ அச்சடிச்சிருக்காங்க. கரண்ட் இல்லாத வீடுகள்ல சாவி கொடுக்குற கிராமபோன் இருந்துச்சே! அதனால தாத்தா பெட்டியில மூணு காலம் கலந்து கிடக்கு. பாட்டியோட 78, சினிமாப் பாட்டு 45-கள், அப்புறம் எல்.பி.கள். அதுல 1963-இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியோட சுப்ரபாதமும் உண்டு, இளையராஜாவோட 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்'டும் உண்டு.

அப்போ பழசே போதுமேன்னு தோணும். தங்கம் நிறுக்குற மாதிரி ஒரு குட்டித் தராசுல முள்ளோட பாரத்தை நிறுத்தேன். 7 கிராம். இந்த மாதிரி பிளேயர்ல இருக்குறது செராமிக் கார்ட்ரிட்ஜ். அழுத்தினா மின்சாரம் வர்ற பொருள் அது. சிக்னல் பலமா வரும், ஆம்ப்ளிஃபயர் செலவு மிச்சம், பிளேயர் மலிவு. அதுக்கு விலையா கனமா அழுத்தணும். காந்த கார்ட்ரிட்ஜுக்கு ஏறக்குறைய 2 கிராம் போதும். அரக்குத் தட்டு 7 கிராமைத் தாங்கும். ஆனா 1958 வாக்கில் பரவின ஸ்டீரியோ எல்.பி.யில பள்ளத்தோட ரெண்டு சுவரும் ரெண்டு சேனல், முள் மேலயும் கீழயும்கூட ஆடணும். மோனோ காலத்து விறைப்பான முள் அங்க உழவுதான் ஓட்டும். ராஜா ஆல்பத்தை இதுல போடவே மாட்டேன்.

சரி, மாமா பேச்சைக் கேட்போம்னு தேடினா அங்க ஒரு கூத்து. இப்ப அழகழகா விக்குற மலிவு சூட்கேஸ் பிளேயர்கள்ல பலதுலயும் அதே செராமிக் கார்ட்ரிட்ஜ். ப்ளூடூத் இருக்கு, பாரத்தைக் குறைக்க வழி இல்லை. இன்னொரு பக்கம் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200. 1972-இல் வந்து, டிஜேக்களோட செல்லமாகி, 2010-இல் நின்னு, 2016-இல் திரும்பி வந்த மெஷின். ஆசை இருக்கு, இ.எம்.ஐ. ஏற்கெனவே ரெண்டு ஓடுது.

கடைசியில எல்.பி., 45-களுக்கு ஒரு பெல்ட் டிரைவ் பிளேயர் வாங்கினேன், பாரத்தைத் திருகி வைக்குற வசதியும் காந்த கார்ட்ரிட்ஜும் உள்ளது. ஆனா அதுல 78 வேகமே இல்லை. அதனால தாத்தாவோடது 78-க்கு மட்டும்னு தங்கிடுச்சு. அதோட சஃபையர் முள் தேய்ஞ்சு உளி மாதிரி இருந்துச்சு. ரிச்சி தெருவுல ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சு, கிடைக்காம, ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். அது வர்ற வரைக்கும் பாட்டி தட்டு உறையைவிட்டு வெளியவே வரலை.

போன ஞாயித்துக்கிழமை புது முள்ளை மாட்டி, நெம்பை 78 பக்கம் திருப்பிப் போட்டேன். இரைச்சல் போகலை, குறைஞ்சிருக்கு. பாட்டு நல்லாவே கேட்டுச்சு. பாட்டி முழுசா கேட்டுட்டு, "அந்தப் பக்கமும் போடேன்"னாங்க.