நிழல் தந்த சிற்றுண்டிச்சாலை

சென்னை கதீட்ரல் சாலையில், அண்ணா மேம்பாலத்தை அடுத்துச் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. 2010ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திறக்கப்பட்ட அப்பூங்காவில் பூஞ்செடிகளும் புல்வெளிகளும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. ஆனால் அங்குள்ள முதிய மரங்கள் சிலவற்றின் அடியில் நின்று, “இங்கேதான் வண்டியை நிறுத்துவோம்” என்று தம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகின்ற பெரியவர்களை இன்றும் காணலாம். அவர்கள் தேடுவது பூங்காவை அன்று. 1962ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு வரை அவ்விடத்தில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்னும் சிற்றுண்டிச்சாலையை.

ஒரு சிற்றுண்டிச்சாலை மூடப்பட்டது வரலாறாகுமா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். ஆகும். பலரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் பொது மேசை என்பது நம் நாட்டில் எளிதில் வந்துவிட்டதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, வெளியில் காசு கொடுத்து உண்பதைக் குடும்பத்துப் பெரியோர் இழுக்காகவே கருதினர். வழிப்போக்கர்க்குச் சத்திரங்கள் இருந்தன; அங்கும் சாதிக்கொரு பந்தி. நகரங்கள் வளர்ந்து, அலுவலகங்களும் கல்லூரிகளும் பெருகி, ஊரை விட்டு வந்தோர் தொகை மிகுந்தபோதுதான் காப்பி ஓட்டல்கள் தோன்றின. அவற்றிலும் தனியிடம், தனிக்குவளை என்னும் வேற்றுமைகள் நிலவின. இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்க்கென்று ஒதுக்கப்பட்டிருந்த தனியிடம், நெடுநாள் கண்டனங்களுக்குப் பின்னர், 1941ஆம் ஆண்டில்தான் அகற்றப்பட்டது. 1957ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில், ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி, பெரியாரின் இயக்கத்தார் மறியல் செய்து சிறை சென்றனர். முன்பின் அறியாத இருவர் எதிரெதிரே அமர்ந்து காப்பி அருந்துவது இவ்வாறு போராடிப் பெற்ற உரிமையாகும். இதனை மனத்திற்கொண்டு பார்த்தால், அத்தகைய மேசையொன்று மறைவது சிறு செய்தியன்று என்பது விளங்கும்.

சென்னையில் இம்மேசைகளை மிகுதியாக அமைத்தவர்களுள் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் முதன்மையானவர்கள். அவர்களுள் ஒருவரே கே. கிருஷ்ண ராவ். எளிய குடும்பத்தில் பிறந்து, சமையற்கூடத்து எடுபிடி வேலையில் தொடங்கிச் சென்னைக்கு வந்து, மவுண்ட் ரோடில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் என்னும் ஓட்டலை நடத்தினார். பின்னர், 1938ஆம் ஆண்டில், இராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரசர்க்குரிய மாளிகையொன்றைக் குத்தகைக்கு எடுத்து, தங்கும் விடுதியுடன் கூடிய உணவகம் ஒன்றை அமைத்தார். அம்மாளிகையின் பெயர் உட்லண்ட்ஸ். அதுவே ஓட்டலின் பெயராயிற்று. 1952ஆம் ஆண்டில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. பிறருக்குரிய மாளிகையின் பெயர் இவ்வாறு மற்றோரிடத்துக்கும் சென்று தழைத்தது. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

வண்டியிலிருந்து இறங்காமலே உண்ணும் முறை அமெரிக்க நாட்டில் பிறந்தது. 1921ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் அத்தகைய உணவகம் முதன்முதல் தோன்றியதென்பர். நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் கிருஷ்ண ராவ் அம்முறையைச் சென்னைக்குக் கொணர்ந்தார். தோட்டக்கலைச் சங்கம் ஒன்று 1835ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கப்பட்டது. அச்சங்கத்தின் வசமிருந்த, மரங்கள் அடர்ந்த நிலப்பகுதியே டிரைவ்-இன் அமைந்த இடம்.

அமெரிக்க முறை இங்கு வந்ததும் சென்னை முறையாக மாறிவிட்டது. அந்நாட்டில் விரைந்து உண்டு, விரைந்து செல்வதற்காக ஏற்பட்டது அது. இங்கோ, விரையாமல் அமர்ந்திருப்பதற்காகவே மக்கள் வந்தனர். அம்பாசிடரும் பியட்டும் மரநிழலில் வந்து நிற்கும். பணியாளர் வந்து, கார்க் கதவின் கண்ணாடியில் தட்டைப் பொருத்தி, இட்லியும் தோசையும் பட்டூராவும் வைப்பார். வெளியே மரத்தடி, உள்ளே குடும்பத்தாரின் பேச்சு. காரில்லாதவர்க்கும் அங்கே இடமிருந்தது. நடந்து வந்தவரும் மிதிவண்டியில் வந்தவரும் கூடத்து மேசைகளில் அமர்ந்தனர். ஒரு குவளைக் காப்பியை முன்னே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்திருக்கச் சொல்வாரில்லை என்பதே அவ்விடத்தின் பெரும் புகழ். அதனால் கல்லூரி மாணவர்கள் பாடம் பேசினர். எழுத்தாளர்கள் கதை பேசினர். திரைப்படத் துறையினர் வாய்ப்புத் தேடினர். மருந்து நிறுவனப் பிரதிநிதிகள் அம்மேசைகளையே அலுவலகமாக்கிக்கொண்டனர். பெண் பார்க்கும் பேச்சும் அங்கே நடந்தது. கடன் கேட்கும் பேச்சும் நடந்தது. நகரத்திற்கு ஒரு திண்ணை இருந்ததென்றால் அது அதுதான்.

ஆனால் திண்ணை வேறு, வீட்டின் உரிமை வேறு. அந்நிலம் ஓட்டலுக்குச் சொந்தமானதன்று. நிலத்தின் உரிமை பற்றிய நெடிய வழக்கிற்குப் பின்னர், அது அரசின் வசம் வந்தது. 2008ஆம் ஆண்டில் டிரைவ்-இன் மூடப்பட்டது. கடைசி நாள்களில் மக்கள் திரள் திரளாக வந்து கடைசிக் காப்பியை அருந்திச் சென்றனர். அவ்விடத்தில் பிறகு எழுந்ததும் பொதுமக்களுக்கான பூங்காவே. மரங்கள் பல காக்கப்பட்டன. பொது நிலம் பொதுப் பயனுக்கு வந்ததைக் குறைகூற இயலாது. இழந்தது மரநிழலை அன்று. அந்நிழலில் அமர்ந்து பேசும் பழக்கத்தை. பூங்காவில் நடக்கலாம், காணலாம், களிக்கலாம். ஆனால் நாற்பத்தாறு ஆண்டுகள் நாள்தோறும் அதே மேசைக்கு வந்தவர்கள் மீண்டும் கூடுவதற்கு அங்கே மேசையில்லை. மாளிகையின் பெயர் இடம் மாறித் தழைத்ததைக் கண்டோம். டிரைவ்-இன்னில் கூடியவர்களோ கலைந்து போயினர். பெயரையும் பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றலாம். பழக்கத்தை ஏற்ற முடியாது.

அப்படியானால் இத்தகைய இடங்கள் மறைவதைத் தடுக்கவே இயலாதா? கல்கத்தா நகரின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. அங்கே கல்லூரித் தெருவில் 1876ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆல்பர்ட் மண்டபத்தில், 1942 முதல் காப்பி நிலையம் ஒன்று நடந்துவந்தது. நம் நாட்டுக் காப்பியை நம் மக்களே அருந்தச் செய்வதற்காகக் காப்பி வாரியம் நடத்திய நிலையங்களுள் அதுவும் ஒன்று. 1950களில் வாரியம் இந்நிலையங்களை மூட முடிவு செய்தது. வேலையிழக்கும் நிலையிலிருந்த தொழிலாளர்கள், ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால், கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, நிலையங்களைத் தாங்களே ஏற்று நடத்த முன்வந்தனர். 1957ஆம் ஆண்டில் பெங்களூரில் முதற்சங்கம் உருவாயிற்று. கல்கத்தா நிலையம் 1958ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர்களும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரசிடம் முறையிட்டனர். அதே ஆண்டில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

கூட்டுறவுக்கும் இடையூறுகள் வராமலில்லை. டில்லியில் கன்னாட் பிளேசில் இருந்த காப்பி நிலையம், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலை நிலையம் 2009ஆம் ஆண்டில் தன் கட்டடத்தை இழந்தது. ஆயினும் டில்லி நிலையம் மோகன் சிங் பிளேசிலும், பெங்களூர் நிலையம் சர்ச் தெருவிலும் மீண்டும் அடுப்பு மூட்டின. இடம் போனாலும், அதை நடத்தியவர்கள் கலையவில்லை. அருந்த வந்தவர்களும் அவர்களைப் பின்தொடர்ந்தனர்.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டால் ஓருண்மை புலப்படும். ஓர் உணவகத்தின்மேல் மக்கள் கொண்ட அன்பு எத்துணைப் பெரியதாயினும், அது குத்தகைப் பத்திரம் ஆகாது. அவ்வன்பு காலத்தே பேச வேண்டும். கல்கத்தாப் பேராசிரியர்கள் முறையீட்டுக்கு முனைந்தனர். நாமோ பெரும்பாலும் கடைசிக் காப்பிக்குத்தான் வரிசையில் நிற்கிறோம். மூடிய கதவின் முன் இரங்குவது எளிது. திறந்திருக்கும் காலத்தில், இந்நிலம் யாருடையது, இந்தக் குத்தகை எத்தனை நாளைக்கு, இங்கே பரிமாறுகின்றவரின் வாழ்வுக்கு என்ன உறுதி என்று கேட்பதே கடினம்.

மாணவ நண்பர்களே, உங்கள் தெருமுனையிலும் ஒரு காப்பிக் கடை இருக்கும். உங்கள் தந்தையாரின் பெயரை அறிந்த முதலாளியோ, நீங்கள் சொல்லுமுன்பே உங்களுக்கு வேண்டியதைக் கொணரும் பணியாளரோ அங்கே இருப்பார். நாளை அங்கே செல்லும்போது, அவர் எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தார் என்று கேளுங்கள். அந்த மேசையில் முன்பு யார் யார் அமர முடிந்தது, யார் யாரால் முடியவில்லை என்றும் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நகரத்தின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத ஏடு அது. காப்பி ஆறுமுன் எழுதிவிடுவது நல்லது.