படியெடுத்துப் படித்த பாடநூல்



தோட்டத்தில் மரம் சீவக் கற்றுக்கொண்ட நம் பெரியவர்களின் கையில் யாரும் பாடநூல் கொடுத்ததில்லை. கத்தியைப் பிடித்த மகளின் கைமேல் தாய் தன் கையை வைத்து, பட்டையின் ஆழம் இவ்வளவுதான், இதற்குமேல் போனால் மரத்துக்குக் காயம் என்று காட்டிக் கொடுப்பார். அவ்வளவுதான் பயிற்சி. ஆனால் அந்த முறையை எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். அது துரைமார் படிப்பதற்கான எழுத்து. படித்தவர் ஒருவர், நிரையில் நின்றவர் வேறொருவர்.

இன்று நம் பிள்ளைகள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். அந்த வேலையைக் கைமேல் கை வைத்துக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. எழுதிய பாடம் வேண்டும். அந்தப் பாடத்தை நிறுவனம் இணையத்திலிருந்து பதிவிறக்கி ஊழியர்களுக்குக் கொடுக்கலாமா, ஊழியர் அதைப் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. இது புதிய கேள்வி அல்ல. இணையம் பரவுவதற்கு முன்பே, ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்ட ஒரு பாடநூலைச் சுற்றி இதே கேள்வி இருபது ஆண்டுகள் நடந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

கணினிக்குள் மற்ற மென்பொருள்களையெல்லாம் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டு. அதை இயங்குதளம் என்பார்கள். காலைப் பிரட்டில் யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுத்து, ஒருவர் இடத்தில் இன்னொருவர் போய் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் தண்டலின் வேலைதான் அதன் வேலை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆய்வுக்கூடம் ஏ.டி.&டி. என்ற தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 1956இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்த நிறுவனம் கணினி வாணிபத்தில் இறங்க முடியாது. ஆகவே 1970களில் யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில் உரிமம் கொடுத்து அனுப்பினார்கள். மென்பொருளின் மூல நிரலும், அதாவது அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் எழுத்துகளும், கூடவே போயின. ஆனால் உதவிக்கு ஆள் கிடையாது. பழுது வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு.

இப்படிக் கையில் கிடைத்ததைப் படித்துப் புரிந்துகொள்ள முனைந்தவர்களில் ஒருவர் ஜான் லயன்ஸ். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர். 1974ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையின் வழி யூனிக்ஸைப் பற்றி அறிந்து, அதைத் தம் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்தார். மாணவர்களுக்கு இயங்குதளம் என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவதைவிட, உண்மையாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது மேல் என்று அவர் கருதினார். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பின் உள்ளகம் ஏறக்குறைய 9,000 வரிகள்தான். ஒரு மனிதர் ஒரு பருவத்தில் படித்து முடிக்கக்கூடிய அளவு.

1976, 1977 ஆண்டுகளில் அவர் இரண்டு நூல்களை ஆயத்தம் செய்தார். ஒன்றில் மூல நிரல் முழுவதும் வரி எண்களோடு இருந்தது. மற்றொன்றில் அந்த வரிகளுக்கு விளக்கவுரை. ஒன்று சிவப்பு அட்டை, மற்றது ஆரஞ்சு அட்டை. மூலத்தை ஒரு கையிலும் உரையை மறுகையிலும் வைத்துக்கொண்டு படிக்கும் முறை இது. திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்த நமக்கு அது அந்நியமான முறையே அல்ல.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. அந்த மூல நிரலில் கடினமான ஓர் இடத்துக்கு அருகில், இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. படிப்பவர்களை ஏளனம் செய்கிறார்கள் என்று பலர் நினைத்தார்கள். இது தேர்வில் வராது என்பதுபோல எழுதியதுதான் என்று ரிட்சி பின்னாளில் விளக்கம் தந்தார். லயன்ஸோ அந்த இடத்தையும் மாணவர்களுக்காக எடுத்து ஆராய்ந்தார். ஆசிரியர் என்பவர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அந்த நூல்கள் கிடைத்தன. அவை எப்படியோ வேகமாகப் பரவின. கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் யூனிக்ஸில் வேலை செய்யப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி நூல் வேறில்லை.

பிறகு கதவு மூடப்பட்டது. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்ற நிபந்தனை உரிமத்தில் சேர்ந்துகொண்டது. வாங்கலாம், ஓட்டலாம், ஆனால் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டக் கூடாது. லயன்ஸின் நூல் வெளிப்படையாகப் பயன்பட முடியாத பொருளாயிற்று.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. யூனிக்ஸுக்குச் சந்தையில் விலை இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். தொழில் இரகசியத்தை வகுப்பறையில் விரித்து வைத்தால் அது இரகசியமாக இருக்காது. 1984இல் நிறுவனம் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, கணினி வாணிபத்துக்கு வழி திறந்தபின் யூனிக்ஸ் முழுக்க முழுக்க விற்பனைச் சரக்காகிவிட்டது. ஆனாலும் ஒரு கருவியைப் பத்துப் பேர் கையில் கொடுத்து வேலை வாங்கிவிட்டு, அதன் பாடத்தை மட்டும் பூட்டி வைத்தால் அந்தப் பத்துப் பேரும் என்ன செய்வார்கள்?

செய்ததைச் சொல்கிறோம். படியெடுத்தார்கள். இரவில், அலுவலகம் அடங்கியபின், நகல் இயந்திரத்தில் போட்டு எடுத்தார்கள். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று போய்ப் பல இடங்களில் எழுத்து மங்கி, வரி எண்ணைப் பார்த்து ஊகிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. நம் பள்ளிகளில் ஸ்டென்சிலில் உருட்டிய தேர்வுத்தாளின் கடைசிப் படிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். ஒரு தலைமுறைக் கணினிப் பொறியாளர்கள் இந்த மங்கிய தாள்களில்தான் தொழில் கற்றார்கள். சட்டப்படி அது தவறு. ஆயினும் அவர்களைத் திருடர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

படியெடுக்காமல் வேறு வழி தேடியவரும் உண்டு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், பாடம் நடத்தத் தடை வந்ததும், மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைத் தாமே முதலிலிருந்து எழுதி, அதன் நிரலையும் சேர்த்து 1987இல் பாடநூலாக வெளியிட்டார். அந்த நூலைப் படித்த பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை அறிவித்தார். இன்று நம் வீடுகளில் உள்ள ஆண்டிராய்டு கைப்பேசிகளின் உள்ளகம் அந்த லினக்ஸ்தான்.

லயன்ஸின் நூல் 1996இல் முறைப்படி அச்சாகி வெளிவந்தது. அப்போது யூனிக்ஸின் உரிமையை வைத்திருந்த நிறுவனம், ரிட்சி முதலியோரின் வேண்டுகோளை ஏற்று அனுமதி கொடுத்தது. அதன் பின்னட்டையில், மாணவர்கள் மறைவாக நகலெடுக்கும் காட்சியைப் படமாகவே போட்டுவிட்டார்கள்! லயன்ஸ் 1998 டிசம்பரில் காலமானார். அவர் பெயரில் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவ நிதி திரட்டினார்கள். யூனிக்ஸ் என்ற சொல்லையே எண்ணாகத் தாங்கிய ஒரு கலிபோர்னியக் கார் எண் தகட்டை ஏலம் விட்ட பணமும் அந்த நிதியில் உண்டு.

இதற்கிடையே பாடநூலின் உரிமை பற்றிய எண்ணமும் மாறி வந்தது. மென்பொருள் சுதந்திரமாக இருந்தால் போதாது, அதைக் கற்றுத்தரும் கையேடும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று ரிச்சர்டு ஸ்டால்மன் வற்புறுத்தினார். கையேடுகளுக்கென்றே ஓர் உரிமம் 2000ஆம் ஆண்டு வந்தது. 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடம் தன் பாடக்குறிப்புகளை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப்போவதாக அறிவித்து, 2002இல் 50 பாடங்களுடன் தொடங்கியது. வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அப்படியானால் இலாபத்துக்கு நடக்கும் ஒரு நிறுவனம் அவற்றைத் தன் ஊழியர்களுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், உள்ளுக்குள் பயிற்சிக்காக இருந்தால் தடையில்லை, ஆனால் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்தி இலாபம் பார்க்கக் கூடாது என்று எம்.ஐ.டி. விளக்கம் தந்தது. 1979இல் பூட்டிய கதவுக்கு நேர் எதிரான விடை இது.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும், நேயர்களே. காசில்லாமல் கிடைப்பது வேறு, பிறருக்குக் கொடுக்க உரிமை இருப்பது வேறு. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் கொடுத்த மருந்துக்குக் காசில்லைதான். அதற்காக அதைப் பக்கத்து வீட்டுக்கு ஊற்றிக் கொடுப்போமா? பல மென்பொருள் நிறுவனங்களின் பயிற்சிப் பாடங்கள் அப்படிப்பட்டவை. கடவுச்சொல் கொடுத்துத் திறந்து பார்க்கலாம். இறக்கி வைத்துப் பரப்ப முடியாது. வேலையை விட்டு வெளியேறும் நாளில் கடவுச்சொல்லும் நின்றுபோகும். மகன் அல்லது மகள் இரண்டாண்டு புரட்டிய பாடம் பழைய முதலாளியிடம் தங்கிவிடும்.

லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் கையேடுகள் வேறு வகை. கடிதம் எழுதவும், கணக்கு அட்டவணை போடவும் கற்றுத்தரும் அவற்றை யாரும் பதிவிறக்கலாம், அச்சிடலாம், நூறு ஊழியருக்குக் கொடுக்கலாம், தமிழில் மொழிபெயர்த்தும் வெளியிடலாம். அட்டைக்கு அடுத்து வரும் பதிப்புரிமைப் பக்கத்திலேயே இந்த அனுமதி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களின் பெயர்களும் அதே பக்கத்தில் இருக்கும். படியெடுக்கும்போது அந்தப் பெயர்களை நீக்கக் கூடாது.